கண் சிவந்தால் காத்திருக்கலாமா?

உறுப்புகளுள் கண்ணைப் போல நாம் போற்றிப் பேசுவது வேறொன்றில்லை. அருமைக் குழந்தையைக் "கண்ணே" என்று அழைக்கிறோம். ஒன்றை மிகுந்த அக்கறையோடு பேணுவதைக் கண்ணை இமை காப்பதற்கு ஒப்பிடுகிறோம். ஆயினும் அந்தக் கண்ணிலோ இமையிலோ கோளாறு தோன்றும்போது நாம் நடந்துகொள்ளும் முறை இப்பேச்சுக்குப் பொருத்தமாக இருப்பதில்லை. தானே வந்து தானே அடங்கும் சிறு கட்டியைக் கண்டு கலங்கி, உறக்கமின்றித் தவிப்போர் உண்டு. சில மணி நேரத்தில் பார்வையைப் பறிக்கக்கூடிய நோயை வெறும் தலைவலி என்று எண்ணி, தைலம் பூசிக்கொண்டு படுத்துவிடுவோரும் உண்டு. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்னும் பழமொழி இந்த இரண்டாம் வகையினருக்கே பெரிதும் பொருந்தும்.

ஃபேரர் பார்க் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1933ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறும்வரை பந்தயக் குதிரைகள் ஓடிய இடம் இது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. இப்போது ஓவன் சாலையிலும் டோர்செட் சாலையிலும் அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. ஒரே மின்தூக்கியின் பொத்தானை நாள்தோறும் நூற்றுக்கணக்கான விரல்கள் தொடுகின்றன. பெக் கியோ சந்தையிலும் தேக்கா சந்தையிலும் மக்கள் தோளோடு தோள் உரசி நடக்கின்றனர். மீன் வெட்டுவோர், பூத்தொடுப்போர், பட்டறையில் இரும்பு அறுப்போர், நாள் முழுவதும் கணினித் திரையை நோக்குவோர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முதியோர் எனப் பலரும் இங்கு அருகருகே வாழ்கின்றனர். இவர்கள் ஒவ்வொருவரையும் ஏதேனும் ஒரு கண்நோய் அணுகக்கூடும். எந்த நோய்க்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுத்திருக்கலாகாது என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று கேள்விகள்

கண் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதைக் கொண்டே நம்மில் பெரும்பாலோர் நோயின் கடுமையை அளக்கிறோம். இது சரியான அளவுகோல் அன்று. இரத்தம் போலச் சிவந்த கண் எவ்விதத் தீங்குமின்றித் தானே தெளிந்துவிடக்கூடும். இலேசாக மட்டுமே சிவந்த கண் பார்வையை இழக்கும் நிலையில் இருக்கக்கூடும். ஆதலால், சிவப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது கேள்வி: பார்வை குறைந்துள்ளதா? இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று, எதிரிலுள்ள புளோக்கின் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் எண்ணை நோக்குங்கள். கண்ணாடி அணிபவராயின் அதை அணிந்தே பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றக் கண்ணாலும், பின்பு மாற்றியும் பார்க்க வேண்டும். இரண்டு கண்களையும் ஒருசேரத் திறந்து பார்த்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். வழக்கத்தைவிட ஒரு கண்ணில் எண் மங்கித் தெரிந்தால், முதற் கேள்விக்கு விடை "ஆம்" என்பதாகும். கண்ணில் சேர்ந்த பீளையால் உண்டாகும் மங்கல், இமைகளைக் கொட்டித் திறந்ததும் விலகிவிடும். அதை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: இருப்பது உறுத்தலா, வலியா? மணல் விழுந்தது போன்ற உறுத்தல், அரிப்பு, எரிச்சல் ஆகியவை பொதுவாகக் கண்ணின் மேற்புறத் தொல்லைகள். விழியினுள்ளே குடைவது போன்ற வலியும், உறக்கத்தைக் கெடுக்கும் வலியும் ஆழத்திலிருந்து வருபவை.

மூன்றாவது கேள்வி: வெளிச்சம் கூசுகிறதா? சன்னல் வெளிச்சத்தையோ விளக்கையோ நோக்க இயலாமல் கண் தானாக மூடிக்கொண்டால், கருவிழியோ அதற்கு உள்ளே உள்ள பகுதியோ பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

இம்மூன்றனுள் எந்த ஒன்றுக்கேனும் விடை "ஆம்" எனில், அன்றைய தினமே மருத்துவரைக் காண வேண்டும். மூன்றுக்கும் "இல்லை" என்பதே விடையானால், பெரும்பாலும் அச்சத்திற்கு இடமில்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இனி நோய்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

இமையில் தோன்றும் தொல்லைகள்

இமை என்பது வெறும் மூடி அன்று. அதன் விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகள் ஒருவித எண்ணெயைச் சுரக்கின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் படர்ந்து, அது விரைவில் உலர்ந்துவிடாமல் காக்கிறது. சுரப்பியின் வாய் அடைபட்டு, அதில் கிருமி சேரும்போது சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கும் கண்கட்டி உண்டாகிறது.

இதற்கு ஏற்ற வைத்தியம் வெந்நீர் ஒத்தடமே. தூய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, சூட்டைக் கையின் பின்புறத்தில் சோதித்த பின்பு, மூடிய இமையின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம்வரை வைத்திருக்கவும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்துவந்தால், பெரும்பாலான கட்டிகள் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். கட்டியைப் பிதுக்குதல் கூடாது. ஊசியால் குத்துவதும் கூடாது. கிருமி பக்கத்துத் திசுக்களுக்குப் பரவ அதுவே வழியாகும். கட்டி குணமாகும்வரை கண்மையும் ஒப்பனையும் வேண்டா.

வலி நீங்கிய பின்னும் சிலருக்குப் பயற்றம்பருப்பு அளவில் உருண்டை ஒன்று இமையில் தங்கிவிடும். எண்ணெய் வெளியேற வழியின்றி உள்ளே தேங்குவதால் உண்டாவது இது. ஒத்தடத்தினால் மெல்லக் கரையும். கரையாவிடில் மருத்துவர் சிறு அறுவை மூலம் நீக்குவார். ஆனால், முதியவர் ஒருவருக்கு ஒரே இடத்தில் கட்டி மீண்டும் மீண்டும் தோன்றினாலோ, அவ்விடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ, புண் ஆறாதிருந்தாலோ அதை எளிதாக எண்ணலாகாது. அரிதாகவே எனினும், இமையில் தோன்றும் புற்றுநோய் இவ்வாறு கட்டியின் வேடம் பூண்டு வருவதுண்டு. கட்டிகள் ஒன்று மாறி ஒன்றாக வந்துகொண்டிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் சோதித்துக்கொள்வது நன்று.

இமை விளிம்பு சிவந்து, இமைமுடிகளின் அடியில் பொடுகு போன்ற செதில்கள் படிவது இமை அழற்சியாகும். காலையில் கண் ஒட்டிக்கொள்ளும், எரியும். இது முற்றிலும் நீங்கும் நோய் அன்று. கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியது. ஒத்தடத்திற்குப் பின், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமை விளிம்பை நாள்தோறும் மெல்லத் துடைத்துவந்தால் தொல்லை தணியும்.

இமை வீக்கத்தில் ஒன்றை மட்டும் பெற்றோர் மறவாதிருக்க வேண்டும். சளியோ காய்ச்சலோ கண்ட குழந்தைக்கு ஒரு கண்ணின் இமை முழுவதும் வீங்கி, விழி முன்னே பிதுங்கி, கண்ணை அசைத்தால் வலிக்கிறதென்றால், மூக்கை அடுத்த எலும்பறைகளிலிருந்து கிருமி கண்குழிக்குள் இறங்கியிருக்கக்கூடும். இதற்கு ஒத்தடம் போதாது. பொழுது விடியட்டும் என்று காத்திராமல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஊரெங்கும் பரவும் கண்நோய்

தமிழ்நாட்டில் "மெட்ராஸ் ஐ" என்று வழங்கும் தொற்றுக் கண்நோயை அறியாதார் இல்லை. இந்நோய் உலகச் செய்திகளிலும் இடம்பெற்றதுண்டு. 1969ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கானா நாட்டின் அக்ரா நகரில், வெண்விழியில் இரத்தம் கசியும் புதுவகைக் கண்நோய் ஒன்று தோன்றி விரைந்து பரவியது. அப்பல்லோ 11 விண்கலம் சந்திரனுக்குச் சென்ற காலமாதலால், மக்கள் அதற்கு அப்பல்லோ நோய் என்றே பெயரிட்டனர். மறு ஆண்டில், அதாவது 1970இல், சிங்கப்பூரிலும் இத்தகைய நோய் பெருமளவில் பரவியது. அதற்குக் காரணமான நச்சுயிரி காக்சாக்கி ஏ24 வகையின் மாற்றுருவம் என்று கண்டறியப்பட்டது. அந்த மாற்றுருவம் உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது சிங்கப்பூரில்தான். அதன் பின்னர் அது பல நாடுகளிலும் கண்நோய்ப் பரவலை உண்டாக்கியுள்ளது.

இந்த வகைக் கிருமி கண்ணை அடைந்த ஓரிரு நாள்களுக்குள்ளாகவே நோய் தோன்றிவிடும். முதலில் ஒரு கண் சிவந்து நீர் வடியும், பின்பு மற்றக் கண்ணும் தொடரும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானே தணியும். அடினோ என்னும் வேறொரு நச்சுயிரியால் வரும் கண்நோய் இரண்டு வாரம்வரையிலும் நீடிக்கலாம். நச்சுயிரியால் வரும் இத்தகைய கண்நோய்களை ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து குணப்படுத்துவதில்லை. குளிர்ந்த நீர் ஒத்தடமும் ஓய்வும் போதுமானவை.

நோயுற்றவரின் கண்ணைப் பார்த்தாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது உண்மையன்று. பார்வையில் கிருமி பறந்து வருவதில்லை. நோயாளி கண்ணைத் தொட்ட கையால் கதவையும் மின்தூக்கிப் பொத்தானையும் தொடுகிறார். அதே இடத்தைத் தொட்ட மற்றொருவர் தம் கண்ணைக் கசக்குகிறார். நோய் பரவும் வழி இதுவே. ஆகவே, கறுப்புக் கண்ணாடி அணிவது வெளிச்சக் கூச்சத்தைத் தணிக்குமேயன்றி நோய் பரவுவதைத் தடுக்காது. சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதே தடுக்கும். நோயுற்றவரின் துவாலை, தலையணை உறை, சொட்டு மருந்து ஆகியவற்றைப் பிறர் பயன்படுத்தலாகாது. கண் தெளியும்வரை பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் நீச்சல் குளத்திற்கும் அனுப்பாதிருப்பது அண்டை வீட்டாருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையாகும்.

மஞ்சள் நிறத்தில் கெட்டியான பீளை நாள் முழுதும் வந்துகொண்டிருந்தால் அது பாக்டீரியாவால் வந்ததாக இருக்கலாம்; மருத்துவர் தரும் மருந்து பயன்படும். பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தையின் கண்ணில் சீழும் வீக்கமும் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிறப்பின்போது தொற்றும் சில கிருமிகள் சின்னாள்களில் குழந்தையின் கருவிழியை அழித்துவிடக்கூடியவை.

அரிப்பே முதன்மையாக இருந்து, இரு கண்களும் ஒருசேரச் சிவந்தால் அது ஒவ்வாமையாகும். தூசும், பூனை முடியும், சில ஒப்பனைப் பொருள்களும் அதைத் தூண்டும். புகைமூட்டமும், பூசையறையில் சூழும் சாம்பிராணிப் புகையும் கண்ணை உறுத்திச் சிவக்கச் செய்யும். இத்தகைய கண்ணைக் கசக்கக் கசக்க அரிப்பு மிகுமே தவிரக் குறையாது. ஆண்டுக்கணக்கில் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பு வடிவம் பெறும் அபாயமும் உண்டு.

அச்சுறுத்தும் சிவப்பு

காலையில் எழுந்து கண்ணாடியில் பார்க்கும்போது, வெண்விழியில் இரத்தம் கொட்டியது போன்ற செந்திட்டு ஒன்று தோன்றி நம்மைத் திடுக்கிடச் செய்யும். வலியில்லை, பார்வையிலும் குறையில்லை. இருமியதாலோ தும்மியதாலோ, பளு தூக்கியதாலோ நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று உடைந்ததன் விளைவு இது. ஓரிரு வாரங்களில், சிலருக்கு மூன்று வாரங்களில், அது தானே மறையும். மருந்து வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தை மட்டும் ஒரு முறை சோதித்துக்கொள்ளலாம். அடிபட்ட பின் தோன்றினாலும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குத் தோன்றினாலும், அடிக்கடி தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று கேள்விகளின் பயன் இங்கே தெளிவாகும். பார்ப்பவரை மிகவும் அஞ்சவைக்கும் சிவப்பு இது. தீங்கு மிகக் குறைந்ததும் இதுவே.

கருவிழியில் வரும் கேடு

கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் அமைந்திருப்பது கருவிழிப் படலம். நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால்தான் ஒளி தடையின்றி உட்செல்கிறது. அங்கே புண் உண்டாகி ஆறினால், ஆறிய இடம் வெண்தழும்பாகிப் பார்வையை மறைக்கும். எனவே கருவிழிப் புண்ணை ஆறச் செய்வது மட்டும் போதாது, அது பெருகுமுன் தடுக்கவும் வேண்டும்.

நம் நாட்டில் நடந்த ஒன்றைக் கூறுவோம். 2005ஆம் ஆண்டு மார்ச் முதல் 2006ஆம் ஆண்டு மே வரை, ஃபுசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழிப் புண் உண்டானவர்கள் சிங்கப்பூரில் 66 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக அனைவரும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்கள், பெரும்பாலோர் இளையவர்கள். குறிப்பிட்ட லென்ஸ் கழுவும் கரைசல் ஒன்றுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரியவந்ததும், 2006 பிப்ரவரியில் அதன் விற்பனை இங்கு நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் உலகெங்கிலும் அக்கரைசல் திரும்பப் பெறப்பட்டது. சிலருக்குக் கருவிழி மாற்று அறுவையே தேவைப்பட்டது. கரைசலோடு மற்றொன்றும் வெளிப்பட்டது. நோயுற்றவர்களுள் பலர் லென்ஸை உரிய முறையில் பேணாதவர்கள்.

லென்ஸ் அணிவோர் இதிலிருந்து கற்க வேண்டியவை சில. லென்ஸோடு உறங்கலாகாது, குளிக்கலாகாது, நீந்தலாகாது. குழாய்நீரால் லென்ஸையோ அதன் பெட்டியையோ கழுவலாகாது. நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியைத் துளைக்கக்கூடியது. நேற்றைய கரைசலின் மேல் இன்று புதியதை ஊற்றி நிரப்பலாகாது. லென்ஸ் அணிந்த கண் சிவந்து வலித்தால், உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். லென்ஸையும் பெட்டியையும் கரைசலையும் எறிந்துவிடாமல் உடன் எடுத்துச் செல்க. கிருமி எதுவென்று கண்டறிய அவை உதவும்.

லென்ஸ் அணியாதோருக்குக் கருவிழிப் புண் பெரும்பாலும் சிறு கீறலில் தொடங்குகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடத்தப்பெற்று 1997இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளுள் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள். அங்கே நெல்லின் தாள் செய்வதை இங்கே பட்டறையில் பறக்கும் இரும்புத் துகளும், செடியின் கிளையும், குழந்தையின் நகமும் செய்யக்கூடும். துகள் விழுந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவிப் பார்க்கலாம். போகாவிடில் ஊசி முனையாலோ கைக்குட்டை நுனியாலோ எடுக்க முயலாதீர்கள். சுத்தியலால் உலோகத்தை அடிக்கும்போது தெறித்த துகள் விழிக்குள்ளேயே புகுந்திருக்கக்கூடும். கண்ணில் வெட்டுக் காயம் பட்டிருந்தால் கழுவவும் அழுத்தவும் கூடாது. காகிதக் குவளை போன்ற ஒன்றை, விழியில் படாதவாறு கவிழ்த்து மூடி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரும்பு அறுப்போரும் பற்றவைப்போரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தால் இத்தகைய துன்பங்களுள் பெரும்பாலானவை வாராமற் காக்கலாம்.

சுண்ணாம்பும் இரசாயனமும்

கழிவுக்குழாய் அடைப்பை நீக்கும் திரவம், வெளுக்கும் திரவம், சிமென்ட், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஆகியவை கண்ணில் பட்டால் நொடியும் தாமதிக்கலாகாது. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் அமிலத்தைவிடக் கொடியது. அது கண்ணின் ஆழம்வரை ஊடுருவிக்கொண்டே செல்லும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பேரன் விளையாட்டாக எடுப்பது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால், சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடிக் கண்ணிழந்த குழந்தைகள் இந்தியாவில் உண்டு.

இங்கே முதல் மருத்துவர் வீட்டுக் குழாய்தான். கண்ணைத் திறந்து பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் இடைவிடாது கழுவ வேண்டும். தெரியும் சுண்ணாம்புத் துணுக்குகளை ஈரப் பஞ்சால் அகற்றலாம். கழுவிய பின்னரே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். பாலோ எலுமிச்சைச் சாறோ விட்டு முறிக்க முயல்வது கேட்டை மிகுவிக்கும்.

தலைவலியாக வரும் கண்நோய்

மாலைப் பொழுதில் ஒரு கண்ணும், அந்தப் பக்கத்துத் தலையும் கடுமையாக வலிக்கத் தொடங்குகின்றன. குமட்டலும் வாந்தியும் சேர்கின்றன. விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிகிறது. பார்வை மங்குகிறது. கண் சிவந்திருப்பதை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணுகின்றனர். உண்மையில் இது விழிக்குள் நீர் வடியும் வழி திடீரென அடைபட்டு, அழுத்தம் ஏறியதால் வந்த கடும் கிளாக்கோமா நோயாகும். பார்வை நரம்பு சில மணி நேரத்தில் நலிந்துபோகும். இழந்த பார்வை திரும்பாது.

1997இல் வெளியான ஆய்வின்படி, சிங்கப்பூரில் 30 வயதைக் கடந்தோருள் ஆண்டுதோறும் இலட்சத்திற்கு ஏறத்தாழ 12 பேருக்கு இந்நோய் கண்டது. அது உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்றாகும். முதிய வயதுப் பெண்களுக்கும் சீன இனத்தவருக்கும் இது கூடுதலாக வருகிறது. எனவே நம் வீட்டாருக்கு மட்டுமன்றி, எதிர்வீட்டுச் சீன மூதாட்டிக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்வது நல்ல அண்டை அயலாரின் பண்பாகும்.

வலியே இல்லாமல் வரும் அவசர நிலைகளும் உண்டு. கண்முன் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பறக்கும் எண்ணற்ற கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை கிழிவதன் அல்லது பிரிவதன் அறிகுறிகள். கிட்டப்பார்வை மிகுந்தோர் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரு கண் திடீரென இருண்டாலும், இமை திடீரெனத் தொங்கி இரட்டையாகத் தெரிந்தாலும் அது மூளை இரத்தக் குழாய்க் கோளாறாகவும் இருக்கலாம். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை உடன் தோன்றினால் 995 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

சிவக்காமலே கெடும் கண்

சிவப்பும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் கண் கெட்டுக்கொண்டிருக்கிறது. நீரிழிவு செய்யும் கேடு இவ்வகையது. 2007 முதல் 2009 வரை சிங்கப்பூர் இந்தியர்களுள் 40 வயதைக் கடந்த 3,400 பேரிடம் நடத்தப்பெற்ற கண் ஆய்வில், நீரிழிவு உள்ளோரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. பார்வை மங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கொரு முறை, விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பலதுறை மருந்தகங்களில் இதற்கு வசதி உண்டு. மூன்று கேள்விகள் காட்டிக்கொடுக்காத நோய் இது என்பதை நினைவிற் கொள்க.

கண்ணில் விடலாகாதவை

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, நந்தியாவட்டைப் பூவின் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. அன்பினால் செய்யப்படுவதே எனினும், கீறல் பட்ட கருவிழிக்கு இவை கிருமியைக் கொண்டுசேர்க்கும். ஈயம் கலந்த கண்மைகளும் விற்பனையில் உண்டு. ஆதலால் குழந்தைகளின் கண்ணுக்கு மை தீட்டாதிருப்பதே நலம்.

இவற்றினும் கொடியது, முன்பு வேறொருவருக்கு எழுதித் தந்த சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொள்வது. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை ஓரிரு நாளில் மறைத்துவிடும். நோய் தீர்ந்ததாக நாம் மகிழ்வோம். ஆனால் பூஞ்சையும் ஹெர்பிஸ் நச்சுயிரியும் அதன் மறைவில் தழைத்து வளரும். நெடுநாள் விட்டால் கண் அழுத்தம் ஏறி, கிளாக்கோமாவும் புரையும் வரும். ஊரிலிருந்து வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கும் பழைய புட்டிகளை இன்றே எடுத்து எறிந்துவிடுங்கள்.

எங்கே செல்வது?

பெரும்பாலான கண் தொல்லைகளுக்குக் குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தகமோ போதும். ஃபேரர் பார்க் வட்டாரத்தினருக்குச் சிராங்கூன் சாலையிலுள்ள காலாங் பலதுறை மருந்தகம் அருகில் உள்ளது. சிறப்பு மருத்துவரைக் காண வேண்டியிருந்தால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு செல்வோருக்கு உதவித்தொகைக் கட்டணம் கிடைக்கும். 1990இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் ஊட்ரம் வட்டாரத்தில் இயங்குகிறது. அவசர நிலையில் கடிதத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தான் டோக் செங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும், குழந்தைகளாயின் புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கும் நேரே செல்லலாம்.

கீழ்க்காணும் குறிப்பை வெட்டியெடுத்து, வீட்டில் அனைவர் கண்ணிலும் படுமிடத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

உடனே மருத்துவமனைக்கு: இரசாயனம் பட்ட கண் (முதலில் இருபது நிமிடம் நீரால் கழுவுக), வெட்டுக் காயம், திடீர்ப் பார்வையிழப்பு, வாந்தியோடு கூடிய கண்வலி, மின்னல், திரை போன்ற தோற்றம், காய்ச்சலோடு விழி பிதுங்குதல், இமை திடீரெனத் தொங்குதல், பச்சிளங் குழந்தையின் கண்ணில் சீழ்.

அன்றே மருத்துவரிடம்: மூன்று கேள்விகளுள் ஒன்றுக்கேனும் "ஆம்" என்னும் விடை, லென்ஸ் அணிந்த கண்ணில் சிவப்பு, எடுக்க முடியாத துகள்.

சில நாள் பார்க்கலாம்: கண்கட்டி, அரிப்பு, நீர்வடிதல், வலியற்ற செந்திட்டு. ஒரு வாரத்தில் குறையும் போக்குக் காணாவிடில் மருத்துவரிடம் காட்டுக.

இன்று மாலை வீட்டிலுள்ள அனைவரையும் தாழ்வாரத்திற்கு அழைத்து, ஒரு கண்ணை மூடி எதிர்ப் புளோக்கின் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலைதான். எந்தக் கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதை நலமாக இருக்கும்போதே அறிந்து வைத்தால்தான், குறையும்போது குறைந்தது என்று அறிய முடியும்.